விளக்கு வைக்கிற நேரத்து விண்வெளி

கொழும்பில் யாரைக் கேட்டாலும் தனக்கு விஞ்ஞானக் கதை என்றால் உயிர் என்பார்கள். பல் டாக்குத்தர் சொல்வார், வங்கி முகாமையாளர் சொல்வார், அவர் மனைவியும் கூடவே தலையாட்டுவார். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். டீவியில் ஒரு மாமியார் மருமகளின் பாலில் எதையோ கலந்துகொண்டிருப்பாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் அந்த ரகம் இல்லை. என் பெயர் ஒஸ்வால்ட். கொட்டாஞ்சேனைக்காரன், கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கிளார்க். நான் சின்னப் பெடியனாக இருந்தபோது எங்கள் ஒழுங்கையில் ஒரே ஒரு டீவிதான் இருந்தது. வெளிநாட்டு விண்வெளித் தொடர் ஓடும் பின்னேரங்களில் ஒழுங்கை முழுவதும் அந்த வீட்டு ஜன்னலில் தொங்கும். அவர்கள் பேசும் ஆங்கிலம் ஒருவருக்கும் முழுதாக விளங்காது. ஆனாலும் துறைமுகத்தில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர்கள், அந்தக் கப்பல் இடப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும் என்று இரவுச் சாப்பாடு வரை சண்டை பிடிப்பார்கள்.

பிறகு இந்தியாவிலிருந்து மெகா சீரியல் வந்து இறங்கியது. வீட்டுக்கு ஒரு டீவி வந்தது, விண்கப்பல் போன இடம் தெரியவில்லை. இப்போது அது போனுக்குள் திரும்பி வந்திருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை காதில் வயரை மாட்டிக்கொண்டு ஏதோ ஒரு கிரகம் வெடிப்பதைப் பார்க்கிறது, பக்கத்து ஆளுக்குச் சத்தம்கூட வராது. இத்தனை வருடமும் என் ஆசை மட்டும் மாறவில்லை. தமிழில் ஒரு விண்வெளி நாடகம் எழுத வேண்டும், அதை யாராவது ஒருவர் கடைசி வரை பார்க்க வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எழுதுவதைவிட இரண்டாவதுதான் எனக்குப் பெரிய ஆசை.

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் ஒரு தமிழ் சனல் இருக்கிறது. அதன் முகாமையாளர் சிவபாலன். வானொலி நாடகக் காலத்திலிருந்தே என்னைத் தெரிந்தவர். ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒஸ்வால்ட், இப்ப பெடியள் எல்லாம் போனில ஸ்பேஸ் நாடகந்தான் பார்க்குதுகள். எங்களிட்டையும் ஒண்டு இருக்க வேணும். எழுதும். ஆனா ஒரு நடிகைக்கு மேல என்னால தாங்கேலாது."

"ஒரு ஆளை வச்சு நாடகமோ சேர்?"

"விண்வெளியில ஆக்கள் குறைவுதானே."

அந்த விஞ்ஞான உண்மையை என்னால் மறுக்க முடியவில்லை. மூன்று மாதத்துக்கு, திங்கள் முதல் வெள்ளி வரை அரை மணித்தியாலம் என்று பேச்சு. பெயர் 'கலம் பன்னிரண்டு'. மாயா என்ற பெண் தானிய விதைகளை ஏற்றிக்கொண்டு தனியே ஒரு தூரத்துக் கிரகத்துக்குப் போகிறாள். பூமியில் அவளுக்கு ஒரு தங்கச்சி. மாயா தினமும் தங்கச்சிக்குச் செய்தி அனுப்புவாள். கலம் தூரம் போகப் போகப் பதில் வரப் பிந்தும். கடைசி நாள் ஒரு பதில் வரும், அது தங்கச்சியின் குரலாக இருக்காது. அவள் இறந்துபோன செய்தியை வேறு யாரோ வாசிப்பார்கள். அதுவரை ஒரு துளி கண்ணீர் விடாமல் வேலை செய்த மாயா அன்றைக்கு அழுவாள். அந்த அழுகைக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.

மாயாவாக நடித்தது டில்ஷானி. எங்கள் மாதா கோவில் பாடகர் குழுவில் பாடும் பிள்ளை, கல்கிசையில் ஒரு கோல் சென்ரரில் வேலை. கலத்தை ஹெந்தளையில் ஒரு நண்பனின் கராஜுக்குள் கட்டினோம். கழற்றி எறிந்த பஸ் ஒன்றின் ட்ரைவர் சீற், ரைஸ் குக்கர் மூடிகள், என் மனைவி பிறிஜெற்றின் கிறிஸ்மஸ் பல்புகள். நத்தாருக்கு முன் திருப்பித் தந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் விண்வெளிக்கு வெளிச்சம் கிடைத்தது.

முதலில் இரவு எட்டரைக்குப் போட்டார்கள். அந்த நேரத்தில் மற்றச் சனல்களில் இந்திய மாமியார்கள் முழுப் பலத்தோடு நின்றார்கள். இரண்டு கிழமையில் எங்கள் ரேட்டிங் தரையைத் தொட்டது. சிவபாலன் நாடகத்தைத் தூக்கிப் பின்னேரம் ஆறரைக்குப் போட்டார். சனலில் அந்த நேரத்துக்கு வைத்திருந்த பெயர் சேமக்காலை. அங்கே அடக்கம் செய்யப்பட்ட நிகழ்ச்சி எதுவும் இதுவரை உயிர்த்தது கிடையாது.

எங்கள் வீட்டிலேயே அது செபமாலை நேரம். பிறிஜெற் முழங்காலில் நின்று மன்றாட, நான் பின்னால் கதிரையில் இருந்து சத்தத்தை நிற்பாட்டிவிட்டு என் நாடகத்தைப் பார்ப்பேன். டில்ஷானியின் வாய் அசையும், "அருள் நிறைந்த மரியே" என்று சத்தம் வரும்.

ஆனால் ஒரு மாதத்தில் சிவபாலன் கைபேசியில் கத்தினார். "ஒஸ்வால்ட், ஏறுது! வெள்ளவத்தையில ஏறுது!"

ரேட்டிங் என்பது இப்படித்தான் எடுக்கிறார்கள்: ஒரு ஆய்வுக் கம்பனி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வீடுகளில் டீவிக்குப் பின்னால் சின்னப் பெட்டி ஒன்றைப் பூட்டி வைத்திருக்கும். எந்தச் சனல் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று அது பதிந்துகொள்ளும். எந்தெந்த வீடு என்பது பரம ரகசியம். தமிழ் வீடுகளில் பெட்டிகள் மிகக் குறைவு. ஆகவே ஒரு பெட்டி ஓடினால் சில ஆயிரம் பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கு.

வெள்ளவத்தைப் பெட்டிகள் விடாமல் எங்களையே பார்த்தன. விளம்பரம் வந்தால்கூடச் சனலை மாற்றவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை முடிந்து வேண்டுமென்றே வெள்ளவத்தையில் இறங்கி, காலி வீதியில் மாடி வீடுகளை அண்ணாந்து பார்த்தபடி நடப்பேன். ஒவ்வொரு மஞ்சள் ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் மாயாவுக்காகக் கவலைப்படுகிறது என்று நினைப்பேன். ஒருநாள் அப்படி நினைத்துக்கொண்டே ஒரு மரக்கறி வண்டியில் மோதி, தக்காளிக்காரனிடம் சிங்களத்தில் நல்ல வார்த்தைகள் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதுகூட அன்றைக்கு இனிப்பாகத்தான் இருந்தது.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீவராணி வந்தாள். எங்கள் ஒழுங்கைக் கடைசியில் வாடகைக்கு இருப்பவள், ஹற்றன் பக்கத்து ஆள். வெள்ளவத்தையில் வீடுகள் துப்புரவு செய்யும் வேலை. பிறிஜெற்றிடம் சட்டை தைக்கக் கொடுக்க வந்தாள். அளவெடுத்துக்கொண்டே பிறிஜெற் பெருமையை அவிழ்த்துவிட்டாள்.

"இவர் எழுதுற நாடகத்தை உங்கட வெள்ளவத்தையில எல்லாரும் பார்க்கினமாம். ஆறரைக்குப் போகுதே, ரொக்கெற் ஒண்டு."

"அட, அது சேர் எழுதுறதுங்களா?" ஜீவராணி வாயில் கை வைத்தாள். "நான் தெனமும் போடுறது அதுதாங்க!"

நான் கதிரையை இழுத்து அவளுக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவள் சொன்னது இது. பத்மாவதி என்ற ஒரு அம்மா, சொந்தமாக ஃபிளாட் உள்ளவர், மகன் கிஷாந்தோடு இருக்க ரொறொன்ரோ போய்விட்டார். வீட்டைப் பூட்டித் திறப்பை ஜீவராணியிடம் கொடுத்திருக்கிறார். தினமும் பின்னேரம் போய்ச் சாமி அறையில் விளக்கேற்ற வேண்டும். விளக்கு வைக்கிற நேரத்தில் வீடு இருண்டு ஊமையாகக் கிடக்கக் கூடாது, தமிழ்ச் சத்தம் கேட்க வேண்டும் என்பது ரொறொன்ரோவின் உத்தரவு. ஆகவே டீவியையும் போட வேண்டும். அரை மணித்தியாலத்தில் வீட்டைக் கூட்டித் துடைத்து, எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

"டீவிக்குப் பின்னால ஒரு குட்டிப் பெட்டி இருக்குங்க, செவப்பு லைட்டு எரியும். அதத் தொடக்கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போனாங்க."

அது ரேட்டிங் பெட்டியேதான். "சரி, அதில ஏன் எங்கட நாடகத்தைப் போடுறனீ?"

"மத்ததுல எல்லாம் அந்த நேரத்துக்கு யாராச்சும் அழுதுகிட்டே இருக்காங்களேங்க. வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுல அழுகச் சத்தம் கேக்கலாமா? ஆகாதுல்ல. ஒங்க புள்ள ஒண்ணுதாங்க அழுவறதில்ல. அது பாட்டுக்கு வேல செய்யும்."

"நீ அதைப் பார்க்கிறனீயோ?"

ஜீவராணி பிறிஜெற்றை ஒரு தரம் பார்த்தாள். "எனக்கு எங்கங்க நேரம்? அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குக் கூட்டுவேன்."

அவள் போன பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான என் ரசிகர்கள் ஒரு பூட்டிய வீடு. சோபாவுக்கு வெள்ளைத் துணி போர்த்து, சாமி அறையில் ஒரு விளக்கோடு.

மனம் கேட்கவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் உஷாந்தியைப் பிடித்தேன். வெள்ளவத்தைப் பிள்ளை, பொய் சொல்லத் தெரியாதவள். "ஓம் அங்கிள், நாங்களும் அதைத்தான் போடுறனாங்கள்," என்றாள் சந்தோஷமாக. "அம்மா விளக்கு வைக்கேக்க ரீவியில அழுதா விசர் வரும் அவவுக்கு. உங்கட நாடகம் நல்ல அமைதி. மேல் வீட்டு ஆக்களும் அதுதான்."

"கதை எப்பிடி?"

"கதை இருக்கோ?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இதையெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் கிழமை சிவபாலன் கூப்பிட்டார். மூன்று மாதம் முடியப் போகிறது, அடுத்த மூன்று மாதத்துக்கு நீட்டலாம், ஆனால் ரேட்டிங் இன்னும் ஏற வேண்டும் என்றார். அதற்கு அவரிடம் வழியும் இருந்தது.

"ஒரு மாமியாரை அனுப்பும்."

"விண்கலத்துக்குள்ள எப்பிடி சேர்?"

"விதை மூட்டைக்குப் பின்னால ஒளிச்சு வந்தவ எண்டு எழுதும். வந்து நல்லா அழட்டும். எங்கட சனத்துக்கு அழுகை வேணும்."

எனக்கு ஏறிய கோபத்தில் வாயைக் கட்ட முடியவில்லை. "அழுதா அவ்வளவு பேரும் நிப்பாட்டிப்போடுவினம் சேர்," என்று ஆரம்பித்து, விளக்கு வைக்கிற விஷயம் முழுவதையும் அவர் மேசையில் கொட்டிவிட்டேன். பூட்டிய வீட்டை மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு மானம் விடவில்லை.

சிவபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு முகம் விரிந்தது. "இவ்வளவு நல்ல விஷயத்தை ஏன் முதலே சொல்லேல்ல? அப்ப அழுகையே வேண்டாம். ஒரு சொட்டும் வேண்டாம். கடைசி நாள் ரேட்டிங்கைப் பார்த்துப்போட்டு நீட்டுறதைப் பற்றி முடிவு எடுப்பம்."

மாமியார் போனாள். ஆனால் மாயாவின் அழுகை கராஜில் படம் பிடித்து முடிந்து, எடிட்டர் ஹரிசனின் கொம்பியூட்டரில் இருந்தது. டில்ஷானி ஒரே தடவையில் செய்தாள். பஸ் சீற்றில் மடங்கி உட்கார்ந்து, சின்னப் பிள்ளை விக்குவது போல விக்கி விக்கி அழுதாள். கமராக்காரன் மெல்ரோய் படம் பிடித்து முடித்துவிட்டு வெளியே போய் சிகரட் பற்றவைத்தான். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே உருப்படியான இரண்டு நிமிடம் அதுதான்.

அதை ஹரிசனைக் கொண்டு வெட்டுவித்தேன். யோசிக்காமல் செய்யவில்லை, நன்றாக யோசித்துத்தான் செய்தேன். பார்ப்பதற்கு ஆளில்லாத அழுகையைவிட, ஆளில்லாவிட்டாலும் ஓடுகிற நாடகம் நல்லது என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். புதிய வெட்டில் செய்தி வருகிறது, மாயா கேட்கிறாள், எழுந்து போகிறாள், அறைக் கதவு மூடுகிறது. முடிந்தது.

டில்ஷானி எடிட்டிங் அறைக்கே வந்துவிட்டாள்.

"அங்கிள், நான் கிளிசரின் இல்லாமல் அழுதனான்."

"தெரியும் மகள்."

"பிறகு ஏன் வெட்டினீங்கள்?"

"விளக்கு வைக்கிற நேரமாம். அழுகை ஆகாதாம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நாங்கள் வேதக்காரர் அங்கிள்," என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். ஹரிசன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

கடைசி நாள் ரேட்டிங் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. நான் சவரம் செய்து, நல்ல சேட் போட்டுக்கொண்டு சிவபாலனிடம் போனேன். அவர் தேத்தண்ணி வரவழைத்தார். அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அந்த மனிதர் நல்ல செய்திக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கிறவர் அல்ல.

"ஒஸ்வால்ட், கோவிக்காதையும். நீர் சொன்னதைத்தான் நான் யோசிச்சுப் பார்த்தனான். சனம் பார்க்கிறது உம்மட கப்பலை இல்லை. அழாத ஒண்டை. அழாத ஒண்டுக்கு நடிகை எதுக்கு, கராஜ் எதுக்கு?"

அடுத்த திங்கள் ஆறரைக்கு என் நாடகம் இருந்த இடத்தில் ஒரு குத்துவிளக்கு எரிந்தது. பின்னால் மெல்லிய வீணை. கமரா அசையவில்லை. அரை மணித்தியாலமும் விளக்கு மட்டும்தான். எண்ணெய் குறையவும் இல்லை. ஐந்து நிமிடத்தைப் படம் பிடித்து ஹரிசன் திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தான். எங்கள் வீட்டில் பிறிஜெற் செபமாலையை இடையில் நிறுத்தி, "இது வடிவா இருக்கே," என்றாள்.

ரேட்டிங் அனேகமாக அப்படியே இருந்தது. மாயாவின் இடத்தை ஒரு திரி எடுத்துக்கொண்டதை வெள்ளவத்தை கவனிக்கவே இல்லை. சிவபாலன் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "ஒரே ஒரு பெட்டிதான் விழுந்துபோச்சு. முதல் நாளே ஐஞ்சு நிமிஷத்தில நிண்டது, பிறகு போடவே இல்லை. பெட்டி பழுதாப் போச்சுதாக்கும்."

நானும் பழுது என்றுதான் நினைத்தேன்.

சில கிழமை கழித்து, கராஜிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த கலத்தின் மிச்சசொச்சங்கள் சனலில் கிடக்கின்றன என்று சொன்னதால் எடுக்கப் போனேன். பல்புகளைப் பையில் போட்டுக்கொண்டு காலி வீதியில் கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு நின்றபோது யாரோ கையைப் பிடித்தார்கள். ஜீவராணி. வேலை முடிந்து வருகிறாள்.

"சேர், ஒங்களத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். அந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?"

"எந்தப் பிள்ளை?"

"அதாங்க, மேல தனியா இருக்குமே. தங்கச்சி செத்துப்போச்சுன்னு சேதி வந்துச்சு. ஒண்ணுமே சொல்லாம எந்திரிச்சுப் போய்க் கதவச் சாத்திக்கிச்சு. மறுவாரம் பாத்தா வெளக்கக் காட்டுறாங்க. வெளக்கு அங்கதான் நான் ஏத்தி வச்சிருக்கேனே, டீவியில வேற எதுக்குங்க? கோவத்துல நிப்பாட்டிட்டேன். இப்ப ரேடியோதான் போடுறேன்."

பல்புப் பையைக் கீழே வைத்துவிட்டு, "நீ பார்க்கிறதில்லை எண்டுதானே சொன்னனீ?" என்றேன்.

"ஒங்க வீட்டம்மா முன்னால எப்படிங்க சொல்றது? வேலைக்குப் போன எடத்துல குந்திக்கிட்டு டீவி பாக்குறேன்னு சேதி கனடாவுக்குப் போயிருச்சுன்னா? ஆறரைக்கு வந்த மொத நாள்லேருந்து ஒண்ணு விடாமப் பாத்தேங்க. சீக்கிரம் கூட்டிட்டு, சோபாவுல ஒக்காராம, தரையில ஒக்காந்து." அவள் என் கையை விடவில்லை. "கதவச் சாத்திக்கிட்டு அது அழுதுச்சுங்களா?"

பஸ் வந்து நின்று ஆட்களை ஏற்றியது. நாங்கள் இரண்டு பேரும் ஏறவில்லை.

"அழுதவ," என்றேன். "நிறைய அழுதவ. படம் பிடிச்சும் வச்சனாங்கள். நான்தான் வெட்டுவிச்சனான்."

"ஏங்க?"

"நீ சொன்னதுதான். விளக்கு வைக்கிற நேரத்தில வீட்டில அழுகைச் சத்தம் கேக்கக் கூடாதெண்டு."

ஜீவராணி முகத்தை வீதிப் பக்கம் திருப்பினாள். பிறகு, தப்புச் செய்து பிடிபட்டவள் போல, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"நானும் அன்னிக்குச் சத்தம் வராமத்தாங்க அழுதேன்."